தெரியாத தொகைக்கு யார் பிணை?
வெளிநாட்டுப் பெட்ரோல் பங்குகளில் கார்டு நிறுத்திவைப்பு: ஒரு மதிப்பீடு

தமிழ்நாட்டுப் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் லிட்டர் கணக்குச் சொல்வதில்லை; ரூபாய்க் கணக்குச் சொல்கிறார்கள். “ஐந்நூறுக்குப் போடுங்க” என்றால் ஊழியர் “ஜீரோ பார்த்துக்குங்க” என்று மீட்டரைக் காட்டிவிட்டுப் போடுகிறார். எவ்வளவு ஆகும் என்ற கேள்வி, பெட்ரோல் இறங்கும் முன்பே தீர்ந்துவிடுகிறது. “ஃபுல் பண்ணுங்க” என்று சொன்னால் மட்டுமே தொகை முன்கூட்டித் தெரியாது. அப்போதும் எதிரே ஓர் ஆள் நிற்கிறார். கணக்கு முடிந்த பிறகுதான் கார்டு மெஷின் வெளியே வருகிறது.

அமெரிக்காவிலோ பிரான்ஸிலோ வாடகைக் கார் ஓட்டுகிறவரின் நிலை வேறு. பம்பருகே ஆள் இல்லை. கார்டைச் செருகினால்தான் பம்ப் திறக்கும். அவர் எவ்வளவு நிரப்பப்போகிறார் என்பது பம்புக்குத் தெரியாது. 40 டாலருக்கு நிரப்பிவிட்டுக் கைபேசியைப் பார்த்தால் 175 டாலருக்குக் குறுஞ்செய்தி வந்திருக்கலாம். மீதி 135 டாலர் யாரிடமும் போய்ச் சேரவில்லை. ஆனால் கணக்குக்கு உரியவராலும் அதைத் தொட முடியாது. இதைத்தான் பேச்சில் ‘ஹோல்ட்’ என்றும் ‘பிளாக்’ என்றும் சொல்கிறோம். இக்கட்டுரை ‘நிறுத்திவைப்பு’ என்ற சொல்லை ஆள்கிறது. ‘பிடித்தம்’ என்றால் பணம் கழிந்துவிட்டதாகப் பொருள்படும். இங்கே பணம் கழியவில்லை, நகர முடியாமல் நிற்கிறது.

விற்று முடியும்வரை தொகை தெரியாத ஒரு பொருளுக்கு, அந்த இடைவெளியில் யார் பிணை நிற்பது? விற்பவரா, வாங்குபவரா, கார்டு கொடுத்த வங்கியா? பங்கில் ஆள் குறையத் தொடங்கிய நாளிலிருந்து இதற்குப் பல விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றின் தோற்றத்தையும் வலிமையையும் குறையையும் தொகுத்துப் பார்ப்பதும், வெளிநாட்டுக் கார்டு என்று வந்தால் அவை ஏன் தடுமாறுகின்றன என்று கேட்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

ஆள் விலகியபோது எழுந்த கேள்வி

கடைக்குள் இருந்தபடியே பம்பை இயக்கும் கருவி 1964இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், வெஸ்ட்மின்ஸ்டர் என்ற ஊரில் புழக்கத்துக்கு வந்தது. அதன் பின் ஓட்டுநரே குழாயைக் கையில் எடுத்தார். ஊழியர் கல்லாவுக்குப் பின்னால் போனார். 1980களில் பம்பிலேயே கார்டு வாசிப்பான் பொருத்தப்பட்டபோது கல்லாவுக்குப் போகும் தேவையும் குறைந்தது.

ஆள் விலகியதும் இரண்டு அச்சங்கள் எழுந்தன. ஒன்று, நிரப்பிவிட்டுப் பணம் தராமல் ஓட்டிச் செல்வது. மற்றொன்று, பணமே இல்லாத கார்டைச் செருகி நிரப்பிக்கொள்வது. முதல் அச்சம் உயிர்ப் பிரச்சினையாகவும் ஆனது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2005இல் கிரான்ட் டி பாட்டி என்ற இளம் பங்க் ஊழியர், பணம் தராமல் கிளம்பிய காரைத் தடுக்கப்போய் அதன் அடியில் சிக்கி இறந்தார். அவர் பெயரால் ‘கிரான்ட் சட்டம்’ என்று அறியப்படும் விதி, 2008 முதல் அந்த மாகாணத்தில் முன்பணம் கட்டியே எரிபொருள் நிரப்ப வேண்டும் என்று ஆக்கியது. ஆல்பர்ட்டா மாகாணம் 2018 ஜூனில் அதே வழியைப் பின்பற்றியது. முன்கட்டணம், நிரப்பும் முன்பே கார்டில் ஒரு தொகைக்கு ஒப்புதல் கேட்கும் முன்னங்கீகாரம் ஆகியவற்றை வணிகரின் பேராசையாக மட்டும் பார்க்கிறவர்கள் இந்த வரலாற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆள் இல்லாததே எல்லாவற்றுக்கும் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 1949 முதல் ஓட்டுநர் தாமே நிரப்புவதற்குத் தடை உண்டு, ஊழியர்தான் நிரப்புகிறார். ஆனால் அவரும் கார்டை வாங்கி முதலில் பம்பில் செருகினால் அங்கும் முன்னங்கீகாரம் கேட்கப்படும். தமிழ்நாட்டில் பெட்ரோல் முந்திக் கார்டு பிந்துகிறது. அங்கே கார்டு முந்திப் பெட்ரோல் பிந்துகிறது. நிறுத்திவைப்பை உண்டாக்குவது இந்த வரிசை மாற்றம்தான்.

பம்புக்கும் வங்கிக்கும் இடையே

கார்டுப் பரிமாற்றம் ஒரே செயல்போலத் தோன்றினாலும் பல இடங்களில் அது இரண்டு செய்திகளாக நடக்கிறது. முதல் செய்தி, “இந்தக் கார்டில் இவ்வளவு தொகைக்கு வழி உண்டா?” என்று கேட்கும் அங்கீகாரம். இரண்டாவது, “இதோ உண்மையான தொகை, பணத்தை அனுப்பு” என்று சொல்லும் தீர்வு. மளிகைக் கடையில் இரண்டிலும் ஒரே தொகை இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. பெட்ரோல் பம்பில் முதல் செய்தி போகும்போது உண்மைத் தொகை பிறக்கவே இல்லை.

இதற்காகவே, வங்கிகளுக்கிடையே இந்தச் செய்திகளைக் கொண்டுசெல்லும் கார்டு வலையமைப்புகள் தானியங்கிப் பம்புகளைத் தனி வகையாக வைத்திருக்கின்றன. ஊழியரிடம் பணம் கட்டும் நிலையத்துக்கு 5541 என்ற வணிகக் குறியீடு. தானியங்கிப் பம்புக்கு 5542. ஒரே நிலையத்தில் கல்லாவில் கட்டினால் ஒரு விதி, பம்பில் கட்டினால் வேறு விதி என்று அமைவது இதனால்தான்.

முதல் செய்தி வந்ததும் வங்கி ஒரு தொகையை ஒதுக்கி நிறுத்துகிறது. குழாயைத் திரும்ப மாட்டியதும் உண்மைத் தொகையைச் சொல்லும் செய்தி புறப்பட வேண்டும். அது உடனே புறப்பட்டு, வங்கியும் உடனே படித்து, பழைய ஒதுக்கீட்டை நீக்கினால் நிறுத்திவைப்பு சில நிமிடங்களில் மறையும். நிலையம் அன்றைய கணக்கை மொத்தமாக இரவில் அனுப்பினாலோ, வங்கி அதை முந்தைய ஒதுக்கீட்டோடு பொருத்தத் தவறினாலோ அது நாள் கணக்கில் நீடிக்கும். உண்மைத் தொகை கழிந்த பிறகும் பழைய ஒதுக்கீடு நீங்காமல், இரண்டும் ஒன்றாக நிற்கும் நிலைகூட வரலாம்.

முதல் விடை: ஒற்றை டாலர் சோதனை

அமெரிக்கப் பம்புகளில் நீண்ட காலம் புழங்கிய வழி, ஒரு டாலருக்கு மட்டும் அங்கீகாரம் கேட்பது. கார்டு உயிரோடு இருக்கிறதா, திருட்டுப் பட்டியலில் இல்லையே என்பதை அறிய அது போதும் என்பது எண்ணம். பிரிட்டனிலும் ஒரு பவுண்டுச் சோதனை இதே முறையில் நடந்தது. வாடிக்கையாளரின் கண்ணுக்கு இதைவிட மென்மையான வழி இல்லை.

குறை இரண்டு. ஒரு டாலர் இருக்கிறது என்பது அறுபது டாலர் இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. கணக்கில் போதிய பணம் இல்லாதவரும் நிரப்பிவிட்டுப் போகலாம். அந்த ஓட்டை வங்கியின் தலையிலோ நிலையத்தின் தலையிலோ விழும். சில வேளை அது அந்த வாடிக்கையாளரையே அறியாமல் மிகைப்பற்றுக்குள் தள்ளும்.

இரண்டாவது குறை மேலும் நுட்பமானது. அமெரிக்காவில் பம்ப் ஒரு டாலர் என்று கேட்டாலும், வலையமைப்பு விதிப்படி குறிப்பிட்ட உச்சவரம்பு வரை நிலையத்துக்குப் பணம் உறுதி. அப்படியானால் அபாயம் கார்டு வழங்கிய வங்கியுடையது. எனவே வங்கி தன் பாதுகாப்புக்காகத் தானே ஒரு பெரிய தொகையை நிறுத்திவைக்கலாம். வாடிக்கையாளர் நிலையத்தைத் திட்டுகிறார். நிலையமோ தான் கேட்டது ஒரு டாலர்தான் என்கிறது. இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கக்கூடும்.

இரண்டாம் விடை: உச்சவரம்பை முழுதாக நிறுத்துவது

ஒரு முழு டேங்குக்கு அதிகபட்சம் எவ்வளவு ஆகுமோ அதை முதலிலேயே நிறுத்திவைப்பது அடுத்த வழி. நிலையத்துக்குப் பணம் நிச்சயம். வங்கிக்கும் தன் கடமையின் எல்லை தெளிவு. எரிபொருள் விலை ஏற ஏற இந்த வரம்பும் ஏறியது. அமெரிக்காவில் 125 டாலராக இருந்த உச்சவரம்பு, பெட்ரோல் விலை கடுமையாக உயர்ந்த 2022இல் 175 டாலர் ஆனது.

பிரிட்டனில் மாற்றம் சச்சரவோடு நடந்தது. ஒரு பவுண்டுச் சோதனையை விட்டு 99 பவுண்டு நிறுத்திவைப்புக்கு மாற 2018இல் ஒரு பெரிய அங்காடி நிறுவனம் சோதனை செய்து, வாடிக்கையாளர் எதிர்ப்பால் பின்வாங்கியது. பின்னர் அதே வழி பரவலானது. 100 பவுண்டு என்றும், விலை உயர்ந்தபின் பல இடங்களில் 120 பவுண்டு என்றும் ஆனது. பிரான்ஸில் ஆளில்லா நேரங்களில் இயங்கும் பம்புகள் நூறு யூரோவுக்கு மேல் நிறுத்திவைப்பது வழக்கமான காட்சி. மலேசியாவில் பம்பிலேயே கார்டைச் செருகினால் 200 ரிங்கிட் நிறுத்தப்படுவது பரவலாக அறியப்பட்ட நடைமுறை.

இந்த விடையின் குறை, அது எல்லோரையும் பெரிய டேங்க்காரராக எண்ணுவது. இதற்குச் சிங்கப்பூர்-ஜொகூர் எல்லை நல்ல எடுத்துக்காட்டு. சிங்கப்பூர்ப் பதிவெண் கொண்ட கார், பாலம் தாண்டி மலேசியா போகும்போது டேங்க் குறைந்தது முக்கால் நிறைந்திருக்க வேண்டும் என்பது சிங்கப்பூர் விதி. மானிய விலை ரான்95 பெட்ரோலை வெளிநாட்டுக் கார்களுக்கு விற்க மலேசியா 2010 முதல் தடை வைத்திருக்கிறது. எனவே அவர்கள் வாங்குவது ரான்97. எல்லை தாண்டியதும் நிரப்ப நினைக்கும் 60 லிட்டர் டேங்க் காரில் இடம் 15 லிட்டருக்குத்தான். லிட்டர் 3.50 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் 52.50 ரிங்கிட். பம்ப் நிறுத்துவது 200. மாத வருமானம் தாராளமாக உள்ளவருக்கு இது ஒரு குறுஞ்செய்தி மட்டுமே. மாதக் கடைசியில் பற்றுக்கார்டை நீட்டுகிறவருக்கு அது அன்றைய சாப்பாட்டுக் காசாகவும் இருக்கலாம். ஒரே அளவான விதி, ஒரே அளவாகக் கனப்பதில்லை.

கணக்கில் உச்சவரம்பு அளவு பணம் இல்லாவிட்டால் என்ன செய்வது? சில முறைகளில் பம்ப் கார்டை மறுத்துவிடும். வேறு சில முறைகளில் வங்கி, “இருப்பது 70 பவுண்டு” என்று பகுதி அங்கீகாரம் தரும். பம்ப் அந்த அளவில் நின்றுவிடும். இரண்டாவது நியாயமானது. ஆனால் நிலையத்தின் கருவியும் வங்கியும் இரண்டுமே அதை ஏற்றால்தான் நடக்கும்.

மூன்றாம் விடை: உடனடித் திருத்தம்

தொகை பெரிதாக இருப்பது குற்றமில்லை, நேரம் நீள்வதே குற்றம் என்கிறது மூன்றாம் விடை. குழாயை மாட்டியவுடன் உண்மைத் தொகைச் செய்தி போக வேண்டும், வங்கி நொடிகளில் மீதியை விடுவிக்க வேண்டும். அப்படி நடந்தால் 120 பவுண்டு நிறுத்தினாலும் கார் பங்கை விட்டு வெளியேறும் முன் கணக்கு நேராகிவிடும். பிரிட்டனில் உச்சவரம்பு முறைக்கு மாறியபோது வலையமைப்புகள் முன்வைத்த வாதமும் இதுதான்.

கொள்கையளவில் இதுவே வலுவான விடை எனத் தோன்றுகிறது. ஆனால் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஒத்துழைத்தாக வேண்டும்: பம்பின் மென்பொருள், நிலையத்தின் வங்கி, வலையமைப்பு, கார்டு வழங்கிய வங்கி. ஒரு கண்ணி பழையதாக இருந்தாலும் நிறுத்திவைப்பு பழைய கால அளவிலேயே நிற்கும். எரிபொருள் நிலையக் கருவிகளை மாற்றுவது எளிதல்ல என்பதற்கு அமெரிக்காவின் சிப் கார்டு மாற்றமே சாட்சி. சிப் வாசிக்காத கருவியில் நடக்கும் மோசடியின் இழப்பை வணிகர் மேல் வைக்கும் பொறுப்பு மாற்றம் கடைகளில் 2015இல் நடைமுறைக்கு வந்தது; பம்புகளுக்கோ திரும்பத் திரும்பத் தள்ளிவைக்கப்பட்டு 2021 ஏப்ரலில்தான் வந்தது. பம்பின் உள்ளே இருக்கும் கருவியை மாற்றுவதென்றால் சில இடங்களில் தரையைத் தோண்டிக் கம்பி மாற்றும் அளவுக்கு வேலை.

நான்காம் விடை: ஒப்புதலும் சட்டமும்

ஐரோப்பிய ஒன்றியம் கேள்வியை நுகர்வோர் உரிமையாக அணுகியது. 2015இல் நிறைவேறி 2018 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ள இரண்டாம் பணச்செலுத்துச் சேவை ஆணையின் 75ஆம் பிரிவு இரண்டு கடமைகளை விதிக்கிறது. தொகை முன்கூட்டித் தெரியாத கார்டுப் பரிமாற்றத்தில், எவ்வளவு நிறுத்தப்படும் என்ற சரியான தொகைக்கு வாடிக்கையாளர் ஒப்புதல் தந்திருந்தால்தான் வங்கி நிறுத்திவைக்கலாம். உண்மைத் தொகை தெரிந்ததும் தேவையற்ற தாமதமின்றி விடுவிக்க வேண்டும். பணக்கட்டளை வந்ததும் உடனடியாக விடுவிப்பதே கடைசி எல்லை. ஆணையின் முன்னுரை, தானியங்கி எரிபொருள் நிலையத்தையே உதாரணமாகக் காட்டுகிறது. பிரிட்டனும் தன் 2017ஆம் ஆண்டு விதிகளில் இதை எழுதிவைத்தது.

பெயரற்ற வழக்கமாக இருந்த ஒன்றுக்கு இந்தச் சட்டம் பெயரும் வரம்பும் கொடுத்தது. அது சிறிய சாதனையல்ல. ஆயினும் இரண்டு இடங்களில் அது தளர்கிறது. முதலாவது, ஒப்புதல் என்பதன் தரம். இரவு பத்து மணிக்கு, டேங்க் காலியான காரோடு, அந்நிய மொழித் திரையில் “150 யூரோ வரை” என்ற வரிக்குப் பச்சைப் பொத்தானை அழுத்துவது சட்டப்படி ஒப்புதல்தான். மறுத்தால் பெட்ரோல் இல்லை என்ற நிலையில் அது எவ்வளவு தூரம் விருப்பம் என்று கேட்க இடமுண்டு. இரண்டாவது, தொகை நியாயமாக இருக்க வேண்டும் என்று அந்த ஆணை சொல்லவில்லை. 2023 ஜூனில் ஐரோப்பிய ஆணையம் முன்வைத்த புதிய விதிமுறை வரைவு இந்தக் குறையைக் கண்டுகொண்டது. நிறுத்தப்படும் தொகை, நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய இறுதித் தொகைக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அது சேர்க்கிறது.

ஐந்தாம் விடை: தொகையை முதலிலேயே சொல்லிவிடுவது

கேள்வியே எழாமல் செய்வது ஐந்தாம் வழி. கல்லாவுக்குப் போய் “மூன்றாம் பம்புக்கு 30 டாலர்” என்று கட்டிவிட்டு வந்தால் தெரியாத தொகை என்பதே இல்லை. ஜெர்மனியின் பல நிலையங்களில் இன்றும் நிரப்பிவிட்டு உள்ளே போய்க் கட்டுவதே வழக்கம்; தொகை அப்போது தெரிந்துவிடுகிறது. ஐஸ்லாந்தின் ஆளில்லாப் பம்புகளில் திரையே தொகையைக் கேட்கும். குறிப்பிட்ட தொகையைத் தேர்ந்தால் அதுவே வரம்பு. ‘முழு டேங்க்’ என்று தேர்ந்தால் பெரிய நிறுத்திவைப்பு. “ஐந்நூறுக்குப் போடுங்க” என்ற நம்மூர் வழக்கம் அங்கே பொத்தானாக நிற்கிறது.

பயணிகளுக்கு மிகுதியாகச் சொல்லப்படும் அறிவுரையும் இதுதான். கூடவே, பற்றுக்கார்டுக்குப் பதில் கடனட்டையைப் பயன்படுத்தச் சொல்வார்கள். கடனட்டையில் நிறுத்தப்படுவது கடன் வரம்பின் ஒரு பகுதி. சேமிப்பின் ஒரு பகுதியல்ல. ஆனால் இந்த விடை, சுமையை முறையிலிருந்து எடுத்துத் தனிமனிதரின் தந்திரத்தின் மேல் வைக்கிறது. கடனட்டை எல்லோரிடமும் இல்லை. ஆளில்லா நிலையத்தில் கல்லாவே இல்லை. வாடகைக் காரை முழு டேங்க்கோடு திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது.

வெளிநாட்டுக் கார்டு: எல்லா விடைகளும் தடுமாறும் இடம்

மேற்சொன்ன ஐந்தும் ஒரே நாட்டுக் கார்டு, ஒரே நாட்டுப் பம்ப் என்ற எண்ணத்தில் உருவானவை. கார்டு வேறு நாட்டிலிருந்து வந்தால் நிலைமை மாறுகிறது.

முதல் தடை, பம்பின் கேள்வி. அமெரிக்கப் பம்புகள் பல, கார்டு உரியவரிடம்தான் இருக்கிறது என்று உறுதிசெய்ய ஐந்து இலக்க அஞ்சல் குறியீட்டைக் கேட்கின்றன. ஆறு இலக்கப் பின்கோடு உள்ள இந்தியருக்கு அங்கே பதில் இல்லை. கனடியர்கள் தங்கள் குறியீட்டில் உள்ள மூன்று எண்களோடு இரண்டு சுழியம் சேர்த்து அழுத்துவது அறியப்பட்ட உபாயம். மற்ற நாட்டவருக்கு அப்படி ஒரு பொது வழி இல்லை, கல்லாதான் கதி. இந்தியக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளரே இயக்கி வைக்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு ஏற்பாடும் நினைவில் கொள்ள வேண்டியது. பாதுகாப்புக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் பங்கில் கார்டு மறுக்கப்பட்டால் காரணம் எது என்று கண்டுபிடிப்பதை அது இன்னும் ஒரு படி கடினமாக்குகிறது.

இரண்டாவது தடை, முன்பணம் ஏற்றிய பயணக் கார்டு. அதில் கடன் வரம்பு இல்லை. ஏற்றிய தொகையே எல்லை. 500 டாலர் ஏற்றிய கார்டில் இரண்டு நாளில் இரண்டு முறை 40 டாலருக்கு நிரப்பினால் செலவு 80 டாலர். ஒவ்வொரு முறையும் 175 நிறுத்தப்பட்டு விடுபடாமல் இருந்தால் கையில் மிஞ்சுவது 150 டாலர் மட்டும். கணக்குப்படி 420 இருக்க வேண்டியவரிடம் 150. நெடுஞ்சாலைப் பயணத்தில் ஒவ்வொரு நிறுத்தமும் இன்னொரு பூட்டைப் போடுகிறது. பயணக் கார்டை ஓட்டல் முன்பணம், வாடகைக் கார், பெட்ரோல் பம்ப் போன்ற முன்னங்கீகாரங்களுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று சில வங்கிகளே அறிவுறுத்துவதன் காரணம் இதுதான்.

மூன்றாவது, நாணய மாற்று. நிறுத்திவைப்பு ஒரு நாளின் விகிதத்தில் கணக்கிடப்படும். இறுதித் தொகை தீர்வு நாளின் விகிதத்தில் வரும். வேறுபாடு பொதுவாகச் சிறிது. ஆனால் இரண்டு வரிகளும் வெவ்வேறு ரூபாய்த் தொகையாகத் தெரிவதால், எது எதற்கு உரியது என்று பார்ப்பவர் குழம்புகிறார். குறுஞ்செய்தியும் ‘நிறுத்தப்பட்டது’ என்பதற்கும் ‘செலவானது’ என்பதற்கும் வேறுபாடு காட்டாவிட்டால் குழப்பம் அச்சமாகிறது.

நான்காவது தடைதான் அடிப்படையானது. ஐரோப்பிய ஆணை விடுவிக்கச் சொல்வது, பணம் செலுத்துபவரின் வங்கியை. பாரிஸ் பம்பில் செருகப்பட்ட கார்டின் வங்கி சென்னையில் இருந்தால்? ஒரு முனை மட்டுமே ஒன்றியத்துக்குள் உள்ள பரிமாற்றத்தில், ஒன்றியத்துக்குள் நடக்கும் பகுதிக்கே ஆணை பொருந்தும். நிறுத்திவைப்போ சென்னைக் கணக்கில் நிற்கிறது. இந்தப் பக்கம், பணம் சிக்கிக்கொண்டால் இத்தனை நாளில் தீர்க்க வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வகுத்த நெறி, உள்நாட்டுப் பரிமாற்றங்களில் தோல்வியடைந்தவற்றுக்கானது. வெளிநாட்டுப் பம்பில் வெற்றிகரமாக முடிந்த பரிமாற்றத்தின் எச்சமாக நிற்கும் தொகை அதற்குள் வருவதாகத் தெரியவில்லை. பம்ப் இருக்கும் நாட்டின் சட்டம் வங்கியைத் தொடவில்லை; வங்கி இருக்கும் நாட்டின் நெறி பம்பை எண்ணிப் பார்க்கவில்லை. இடையில் மிஞ்சுவது வலையமைப்பின் தனியார் விதி மட்டுமே.

ஓர் ஒப்பீடு: பங்கு விண்ணப்பத்தில் நிறுத்தப்படும் பணம்

நிறுத்திவைப்பு என்பதே கெட்டதா? இந்தியப் பங்குச் சந்தை வேறு விதமாகச் சொல்கிறது. புதிய பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கிறவரின் பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளாமல், அவர் கணக்கிலேயே நிறுத்தி வைக்கும் ‘அஸ்பா’ முறையைப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி 2008இல் கொண்டுவந்தது. 2019 முதல் யுபிஐ வழியாகவும் அது நடக்கிறது. அங்கும் கேள்வி இதேதான்: எத்தனை பங்கு கிடைக்கும் என்று தெரியாது, எனவே தொகை தெரியாது. அங்கே நிறுத்திவைப்பு முதலீட்டாளருக்கு ஆதாயமாகவே பார்க்கப்பட்டது. முன்பு காசோலை போய்த் திரும்பி வரும்வரை பணம் வேறிடத்தில் கிடந்தது, இப்போது சொந்தக் கணக்கில் வட்டியோடு இருக்கிறது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மூன்று. பங்கு விண்ணப்பத்தில் எவ்வளவு நிறுத்த வேண்டும் என்பதை விண்ணப்பிப்பவரே நிர்ணயிக்கிறார். எப்போது விடுபடும் என்பதற்குக் காலக்கெடு உண்டு. விடுவிப்பு தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் அல்லது ஆண்டுக்கு 15 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதை இழப்பீடாகத் தர வேண்டும் என்று 2021இல் செபி வகுத்தது. அதாவது தாமதத்துக்கு ஓர் உடைமையாளர் இருக்கிறார். பெட்ரோல் பம்பின் நிறுத்திவைப்பில் தாமதம் யாருக்கும் சொந்தமில்லை. நிலையம் வங்கியைக் காட்டும். வங்கி நிலையத்தின் தீர்வுச் செய்தியைக் காட்டும்.

ஒப்பீட்டை எல்லை கடந்து இழுக்கவும் கூடாது. பங்கு வெளியீடு ஒரே கண்காணிப்பாளரின் கீழ், ஒரே நாட்டுக்குள் நடக்கிறது. பெட்ரோல் பம்ப் உலகெங்கும் சிதறிக் கிடக்கிறது. நல்ல நிறுத்திவைப்பு சாத்தியம் என்பதற்கு மட்டுமே அது சான்று.

மின்சாரத்துக்கு மாறினாலும்

மின்கார் வந்தால் இந்தக் கேள்வி மறையும் என்று எதிர்பார்க்கக் காரணம் இல்லை. மின்னேற்றமும் முடியும்வரை தொகை தெரியாத விற்பனையே. அங்கு ஆள் இருப்பது இன்னும் அரிது, நேரமும் நீளம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஏப்ரல் முதல் நிறுவப்படும் அதிவேகப் பொது மின்னேற்றிகள் செயலியோ ஒப்பந்தமோ கேட்காமல் கார்டை ஏற்க வேண்டும் என்று விதி வந்துள்ளது. வெளிநாட்டுப் பயணிக்கு இது வரவேற்கத்தக்கது. ஆனால் கார்டு வரும் இடத்தில் முன்னங்கீகாரமும் வருகிறது. பெட்ரோலின் பழைய கேள்வி புதிய குழாயில் தொடரும்.

மதிப்பீடு

ஐந்து விடைகளையும் அருகருகே வைத்தால் சிலவற்றை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். ஒற்றை டாலர் சோதனை மென்மையானது, ஆனால் அபாயத்தை மறைத்தது, நீக்கவில்லை. உச்சவரம்பு முறை அபாயத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது, ஆனால் அதைக் குறைந்த இருப்பு உள்ளவர் தோளில் கூடுதலாக ஏற்றியது. உடனடித் திருத்தம் தொழில்நுட்ப அளவில் போதுமானது. எல்லாக் கண்ணிகளும் சேரும்போது மட்டும். சட்டத்தின் வழி, ஒப்புதலையும் காலத்தையும் பேசத் தொடங்கியது. அளவைப் பேச இப்போதுதான் முனைகிறது. தொகையை முன்பே சொல்லும் வழி நன்றாக வேலை செய்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

விவாதம் பெரும்பாலும் எவ்வளவு தொகை என்பதைச் சுற்றியே நடக்கிறது. இங்கே தொகுத்துப் பார்த்தவரை, எவ்வளவு நேரம் என்பதே கூடுதல் முக்கியமானதாகத் தோன்றுகிறது. ஐந்து நிமிடம் நிற்கும் 175 டாலரை யாரும் நினைவில் வைத்திருக்கப்போவதில்லை. ஐந்து நாள் நிற்கும் 60 டாலர் ஒரு பயணத்தையே குலைக்கலாம். நேரத்தை விலையுள்ளதாக ஆக்கினால், அதாவது தாமதத்துக்கு யாராவது ஒருவர் பணம் கொடுக்க வேண்டும் என்று வந்தால், தொழில்நுட்பம் தன்னால் வேகம்பெறும் என்பதற்குப் பங்கு விண்ணப்ப அனுபவம் குறிப்புக் காட்டுகிறது. ஆனால் அது உள்நாட்டு அனுபவம்.

திறந்தே கிடக்கும் கேள்விகள் மூன்று. எல்லை கடந்த நிறுத்திவைப்பைக் கண்காணிக்கும் பொறுப்பு யாருக்கு: பம்ப் உள்ள நாட்டுக்கா, கணக்கு உள்ள நாட்டுக்கா? ‘நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய தொகை’ என்பதை இருசக்கர வண்டிக்கும் பெரிய வேனுக்கும் ஒரே பம்ப் எப்படி வேறுபடுத்தும்? வங்கியின் குறுஞ்செய்தி, நிறுத்தப்பட்ட பணத்தையும் கழிந்த பணத்தையும் தனித்தனிச் சொற்களால் சொல்ல வேண்டும் என்று யார் கட்டாயப்படுத்துவது? மூன்றாவது மிகச் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் செலவில்லாமல் உடனே தீர்க்கக்கூடியதும் அது ஒன்றுதான்.

அதுவரை, தெரியாத தொகைக்குப் பிணை நிற்பவர் நடைமுறையில் பயணியே. திரையில் தொகை கேட்கும் பம்ப் கிடைத்தால் அவர் ‘முழு டேங்க்’ என்பதை விட்டு ஒரு தொகையை அழுத்தலாம். அப்படிப்பட்ட பம்ப் எங்கும் இருக்க வேண்டும் என்று எந்த நாட்டு விதியும் இன்னும் பொதுவாகக் கட்டாயப்படுத்தியதாகத் தெரியவில்லை.